தூக்கிப் போட ஆள் இல்லாதபோது

சிலம்பம் பழக ஒரு கம்பும் கொஞ்சம் இடமும் போதும். குத்துச்சண்டைக்காரருக்கு உத்தரத்தில் ஒரு மூட்டை தொங்கினால் பொழுது போய்விடும். கராத்தேயில் கதா என்று தனியாகவே செய்கிற வரிசைகள் இருக்கின்றன. எதிராளியைப் பிடித்துத் தூக்கிப் போடுகிற ஜூடோவுக்கு இன்னொரு உடம்பு வேண்டும். பிடிக்க ஒரு சட்டை, சட்டைக்குள் ஒரு ஆள், அந்த ஆளுக்கு நம்மை நம்பி விழுகிற மனசு. இந்த மூன்றும் தினமும் கிடைக்கிற ஊரில் பிறந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வகுப்பு. அந்த இரண்டு நாளிலும் என் எடைக்கு ஒத்த ஆள் வராத மாலைகள் நிறைய. மீதி ஐந்து நாள் என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஈடுபாடு வந்தது.

2020 மார்ச் 25இல் நாடு முழுக்க முடக்கம் வந்தபோது அந்தக் கேள்வி எல்லோருக்கும் வந்தது. ஓட்டக்காரர் மொட்டை மாடியில் ஓடலாம். மூச்சு முகத்தில் படும் தூரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு செய்கிற விளையாட்டை என்ன செய்வது? உலகம் முழுக்க ஜூடோ மேட்டுகள், அதாவது விழுவதற்காக விரிக்கிற மெத்தைப் பாய்கள், சுருட்டப்பட்டன. டோக்கியோ ஒலிம்பிக்கே ஓராண்டு தள்ளிப்போனது. வீட்டுத் தூணில் ரப்பரைக் கட்டி இழுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த மாதங்களில் புரிந்துகொண்டதைச் சுருக்கமாக இப்படிச் சொல்வேன்: ஒரு த்ரோவில், அதாவது ஆளைத் தூக்கி எறிவதில், பாதி நம் உடம்பில் இருக்கிறது, மறுபாதி எதிரில் நிற்பவர் உடம்பில் இருக்கிறது. நம் பாதியைத் தனியாக மிக நன்றாகவே பழகலாம். அவர் பாதியை எந்தக் கருவியும் சொல்லித்தராது. இந்த எல்லைக்கோடு தெரியாமல் தனியாகப் பழகினால், தப்பான பழக்கம் எலும்பில் ஊறிவிடும்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க, ஜூடோ தொடங்கிய இடத்துக்குப் போக வேண்டும். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் கோடோகான் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தரையில் விரிக்கப் பன்னிரண்டு தத்தாமிப் பாய்கள்தான் இருந்தன. ஜூடோவுக்கு மூலமான ஜுஜுட்சு என்ற மற்போர்க் கலையின் பழைய பள்ளிகளில் செய்முறை இருந்தது, அதை விளக்கும் முறை அவ்வளவாக இல்லை. கானோ ஒரு த்ரோவை மூன்று துண்டாகப் பிரித்துக் காட்டினார். முதலில் குசுஷி, அதாவது எதிராளியின் நிலையைக் குலைப்பது. அப்புறம் சுகுரி, நம் உடம்பைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்துவது. கடைசியில் காகே, எறிவது. சொல்லும்போது மூன்று, செய்யும்போது ஒரே மூச்சு.

குசுஷி அவருக்குப் பிடிபட்ட கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கிட்டோ ரியூ என்ற ஜுஜுட்சுப் பள்ளியில் அவருடைய குரு இக்குபோ சுனெதோஷி. வயதான பிறகும் சீடரைத் தூக்கிப் போடுவதில் கைதேர்ந்தவர். 1885 வாக்கில் ஒருநாள் பயிற்சியில் கானோவின் த்ரோக்கள் தொடர்ந்து விழுகின்றன, குருவினுடையது ஒன்றும் விழவில்லை. குரு அசந்துபோய்க் காரணம் கேட்கிறார். எறிவதற்கு முன் எதிராளியின் நிலையைக் குலைப்பதைப் பற்றித்தான் சில காலமாக ஆராய்ந்துவருகிறேன் என்கிறார் கானோ. இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார் குரு. இதில் நான் கவனிப்பது ஒன்று. கானோ பெரிய படிப்பாளி, தனியாக உட்கார்ந்து யோசிக்கத் தெரிந்தவர். ஆனாலும் அந்த யோசனைக்கான கச்சாப்பொருள் அவருக்குக் கிடைத்தது இழுத்தால் எதிர்த்து இழுக்கிற, தள்ளினால் திரும்பத் தள்ளுகிற உடம்புகளிடமிருந்துதான்.

நிற்கிற மனிதனை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடையிலுள்ள தரையும் சேர்ந்ததுதான் அவனுடைய அஸ்திவாரம். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் எடை மையம் அந்த அஸ்திவாரத்துக்கு நேர்மேலே இருக்கிறவரை அவன் கல்தூண். பக்கவாட்டில் அஸ்திவாரம் அகலம், முன்னும் பின்னும் குறுகல். இரண்டு பாதத்தையும் இணைக்கிற கோட்டுக்குக் குறுக்கே இழுத்தால் எடை மையம் சீக்கிரமே விளிம்பைத் தாண்டிவிடும். தாண்டிய அந்த நொடியில் அவன் உடம்பு தானாகவே வரத் தொடங்குகிறது. எழுபது கிலோ ஆள் கையில் பத்து கிலோ போலத் தெரிவான். ஜூடோவில் எல்லோரும் காத்திருப்பது அந்த லேசுக்குத்தான்.

இப்போது தூணில் கட்டிய அந்த ரப்பருக்கு, அதாவது ட்யூபுக்கு வருவோம். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூபுகளை ஒன்றிரண்டு வாங்கி, வால்வு இருக்கும் இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நீளமான ரப்பர் பட்டையாக்கித் தூணிலோ மரத்திலோ நெஞ்சு உயரத்துக்குக் கட்டிக்கொள்வது. இரண்டு முனைகள் இரண்டு கைக்கு. ஒன்று எதிராளியின் சட்டைக் கை, மற்றது காலர். ஜப்பானிலும் இதே சைக்கிள் ட்யூபைத்தான் இப்படிக் கட்டிப் பழகுகிறார்கள். எறியாமல் உள்ளே நுழைவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதற்கு உச்சிகோமி என்று பேர். இது ட்யூப் உச்சிகோமி. மூச்சு வாங்கும், தோளும் முதுகும் வேலை செய்யும், நூறு முறை நுழைந்து திரும்பினால் சட்டை நனைந்துவிடும். நல்ல பயிற்சிதான். ஆனால் ரப்பரின் இயல்பு என்ன? இழுக்க இழுக்க இறுகும். தொடக்கத்தில் லேசு, முடிவில் கனம். மனிதன் நேர் எதிர். தொடக்கத்தில் கனம், நிலை குலைந்த பிறகு லேசு.

இது சின்ன வித்தியாசம் இல்லை. ட்யூபை மாதக்கணக்கில் இழுத்த கை, இழுப்பின் கடைசியில் முழு பலத்தையும் போடக் கற்றுக்கொள்கிறது. ஆள்மேல் அந்த பலம் தேவைப்படுவது முதல் ஒரு சாண் இழுப்பில். அங்கே சோம்பேறியாக இருந்துவிட்டு முடிவில் முக்கினால், அதற்குள் எதிராளி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்துவிடுவார். இன்னொன்று, திரும்பி நின்று இழுக்கும்போது ரப்பர் நம்மைத் தூண் பக்கமே பின்னிழுக்கிறது. அதைச் சமாளிக்க உடம்பு முன்னால் சாய்ந்துகொள்கிறது. மேட்டில் ஆள் நிஜமாகவே வந்துவிட்டால் அந்தச் சாய்வோடு நாமே குப்புற விழுவோம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. என்னைப் பார்த்த மாஸ்டர் முதலில் கேட்டதே, "வீட்டுல ட்யூப் இழுக்கிறியாப்பா?" என்றுதான்.

அதனால் நான் இப்போது மெல்லிய ட்யூபாகக் கட்டி, தூணுக்குக் கிட்டவே நின்று, ரப்பர் இறுக ஆரம்பிக்கும் முன்பே நுழைவை முடித்துவிடுகிறேன். முதல் இழுப்புதான் சுண்டுவது போல இருக்க வேண்டும். பத்து முறை ட்யூபோடு, உடனே பத்து முறை வெறுங்கையோடு. வெறுங்கையில் செய்யும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். ஜன்னல் கம்பியில் கட்டுபவர்கள் கம்பி பெயர்ந்துவராதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ட்யூபில் விரிசல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுந்து திரும்புவது நேராகக் கண்ணுக்குத்தான்.

ட்யூபை விட எனக்குப் பயன்பட்டது ஒரு சாக்பீஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இப்போன் சியோய் நாகே என்ற த்ரோவை எடுத்துக்கொள்வோம். எதிராளியை முதுகில் ஏற்றித் தோளுக்கு மேலாக முன்னால் போடுவது. தரையில் எதிராளியின் இரண்டு பாதங்களைத் தோள் அகலத்துக்கு வரையுங்கள், விரல்கள் உங்களைப் பார்த்து. அவருடைய வலது பாதம் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும். உங்கள் வலது காலைக் குறுக்கே கொண்டுபோய் அந்த வலது பாதத்துக்கு முன்னால், கொஞ்சம் உட்பக்கமாக வையுங்கள். குதிகால் தரையில் படக் கூடாது, முன்பாதத்தில்தான் எடை. அதன்மேலேயே சுழன்று, இடது காலைப் பின்னால் வளைத்துக் கொண்டுவந்து அவருடைய இடது பாதத்துக்கு முன்னால் வையுங்கள். இப்போது நீங்களும் அவரும் ஒரே திசையைப் பார்க்கிறீர்கள், உங்கள் பாதங்கள் அவர் பாதங்களுக்கு உள்ளடங்கி இருக்கின்றன. முழங்கால் மடங்கி, உங்கள் இடுப்பு அவர் இடுப்புக்குக் கீழே போயிருக்க வேண்டும்.

இதைச் செய்துவிட்டுக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் இடது கால் ஒரு சாண் குறைவாக வந்திருக்கும். அந்த ஒரு சாண் பாக்கி இருந்தால் முதுகு எதிராளிக்கு நேராக அமையாது, கோணலாக நிற்கும். த்ரோ பக்கவாட்டில் வழிந்துவிடும். பார்ட்னரோடு பழகும்போது இந்தக் குறையை அவர் உடம்பு மறைத்துவிடுகிறது. நாம் அவர்மேல் சாய்ந்து சமாளித்துக்கொள்கிறோம், அவரும் தெரிந்தோ தெரியாமலோ உதவிவிடுகிறார். சாக்பீஸ் கோடு உதவாது. அது உள்ளதைச் சொல்லும். தனிப்பயிற்சி, பார்ட்னர் பயிற்சியை விட மேலாக இருக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கை. இழுக்கும் இடது கையைக் கீழே இழுப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பது போல மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பிக் கண் உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்பார்கள். அந்தத் தூக்கலில்தான் எதிராளி கால்விரல் நுனிக்கு ஏறுகிறார். கையில் எதுவும் இல்லாமல் இதைச் செய்தால் முதலில் வெட்கமாக இருக்கும். போனை எதிரே சாய்த்து வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். நாம் தூக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கும் கை விலாவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து நாளில் மாறிவிடும். வெறுங்காலில், வழவழப்பான தரையில் செய்யுங்கள். ரப்பர் அடி வைத்த ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

தனிப்பயிற்சி என்றாலே ஜூடோக்காரர்கள் கிமுரா மசாஹிகோவின் மரத்தைச் சொல்வார்கள். கிமுரா 1917இல் குமமோட்டோவில் பிறந்தவர். 170 சென்டிமீட்டர் உயரம், 85 கிலோ. 1937இலிருந்து தொடர்ந்து மூன்று முறை அனைத்து ஜப்பான் சாம்பியன். 1951இல் ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் ஜுஜுட்சு வீரர் ஹெலியோ கிரேசியை அவர் வென்ற கைப்பூட்டுக்கு இன்று உலகம் முழுக்க கிமுரா என்றே பேர். அவருடைய ஆயுதம் ஒசோட்டோ காரி; எதிராளியின் காலுக்கு வெளியே அடி வைத்து, நெஞ்சால் பின்னுக்குச் சாய்த்து, காலை அரிவாள் போல வீசி அறுப்பது. அதை அவர் மரத்தின்மேல் பழகினார். மரம் அசையாது. நெஞ்சு, இடுப்பு, கால் மூன்றும் ஒரே கணத்தில் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் அடி நமக்கே திரும்பி வந்துவிடும். வேறு வேறாகக் கிடக்கிற மூன்று தசைக்கூட்டத்தை ஒன்றாக்க அது நல்ல வாத்தியார்.

மரத்தை மட்டும் பார்த்துவிட்டு நாம் ஒரு பாதிக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அவர் அதே நாட்களில் பல்கலைக்கழக மேட்டிலும் கோடோகானிலுமாக மணிக்கணக்கில் உயிருள்ள ஆட்களோடு மோதிக்கொண்டிருந்தார். குசுஷி அங்கே கிடைத்தது, மரத்தில் காகே தீட்டப்பட்டது. ஆட்கள் இல்லாமல் மரத்தை மட்டும் உதைத்தால் கிடைப்பது கன்றிப்போன கெண்டைக்கால். வேப்பமரமானாலும் பட்டை பட்டைதான். பழைய பாயைச் சுற்றிக் கட்டாமல் செய்ய வேண்டாம்.

அசையாத எதிராளியை வைத்துப் பழகும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. மல்லர் கம்பம் என்ற பேரிலேயே அது இருக்கிறது. தேக்கு போன்ற மரத்தில் கடைந்து, நட்டுவைத்து, விளக்கெண்ணெய் பூசிய கம்பம். மேலே போகப் போகச் சிறுத்து, கழுத்தும் தலையும் போல முடியும். சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த மானசோல்லாசத்தில் மல்லர்களின் பயிற்சியாக அது வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவிடம் இருந்த பாலம்பட்ட தாதா தேவதர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். நம்மூரில் விழுப்புரத்துப் பிள்ளைகள் அதில் ஏறித் தலைகீழாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்று அது தனி விளையாட்டாகிவிட்டது, மல்யுத்தத்தோடு இருந்த தொப்புள்கொடி அறுந்துவிட்டது. ஆனால் வழுக்குகிற கம்பத்தைத் தொடையால் கவ்வி, கையால் வளைத்து, உடம்பை அதைச் சுற்றித் திருப்புவது வேர்வையில் வழுக்கும் ஆளைப் பிடிப்பதற்கான வேலைதான். எறிவதைப் பழக்க முடியாத கம்பத்தில் பிடியைப் பழக்கிய அந்த முன்னோர்களின் தெளிவு எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

எறியவே ஒன்று வேண்டும் என்றால் பொம்மைதான். மல்யுத்தக்காரர்கள் நெடுங்காலமாகத் தோல் பொம்மைகளைத் தூக்கிப் போட்டுப் பழகுகிறார்கள். பழைய ஜீன்ஸும் தடித்த சட்டையும் தைத்து, உள்ளே கிழிசல் துணியைத் திணித்து வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களும் உண்டு. மணல் வேண்டாம், அடியில் இறங்கிக் கல்லாகிவிடும். பொம்மையால் பெரிய லாபம் ஒன்று: த்ரோவை முடிக்கலாம். உச்சிகோமி மட்டுமே செய்கிறவர்களுக்கு உள்ளே நுழைந்ததும் நின்றுவிடுகிற பழக்கம் வந்துவிடும். பொம்மை இருந்தால் தரைவரை கூடவே போகலாம்.

ஆனால் மனிதன் தன் காலில் நிற்கிறான். அவன் எடையை நாம் தரையிலிருந்து தூக்குவதே இல்லை; நம் இடுப்பை அச்சாக வைத்துச் சுழற்றுகிறோம், அவ்வளவுதான். பொம்மையை முதலில் நிமிர்த்திப் பிடிக்கவே ஒரு கையின் பலம் போய்விடும், அப்புறம் பிணம் போலக் கனக்கும் அதைத் தூக்க வேண்டும். நம் எடைக்குச் சமமான பொம்மையோடு மல்லுக்கட்டினால் த்ரோ வருவதற்கு முன் இடுப்புவலி வந்துவிடும். நம் எடையில் மூன்றில் ஒரு பங்கே தாராளம் என்பது என் அனுபவம்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஆள் இல்லாமல் முழுவதுமாகப் பழகக்கூடியது எறிவதல்ல, விழுவது. உகேமி. ஜப்பானில் பள்ளி ஜூடோவில் 1983 முதல் முப்பது ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்துபோனார்கள். தலைக்குள் ரத்தக் கசிவுதான் பெரும்பாலும் காரணம். ஒசோட்டோ காரியில் பின்னந்தலை தரையை நோக்கிச் சுழன்று வரும். தலை தரையில் மோதாவிட்டாலும், அந்தச் சுழற்சியின் வேகத்திலேயே மூளைக்கும் உறைக்கும் இடையே ஓடுகிற ரத்தக்குழாய் அறுந்துபோகக்கூடும். அவர்களில் பலர் விழ இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளாத புதுப் பிள்ளைகள். இதைப் படித்த நாளிலிருந்து உகேமியை நான் சூடுபடுத்தும் பயிற்சியாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

செய்முறை எளிது. புல்தரையிலோ கடற்கரை மணலிலோ மெத்தையிலோ குத்துக்காலிட்டு உட்காருங்கள். தாடையை நெஞ்சில் பதித்து, பெல்ட் முடிச்சைப் பாருங்கள். பெல்ட் இல்லாவிட்டால் தொப்புளை. பின்னால் உருண்டு, முதுகு படுகிற அதே நொடியில் இரண்டு கைகளையும் உள்ளங்கை முதல் முழங்கை வரை, உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கித் தரையில் அறையுங்கள். மூச்சை வெளியே விடுங்கள். விழுகிற வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் கையிலும் முதுகிலுமாகப் பரவுகிறது. தலை தரையைப் பார்ப்பதே இல்லை. கண் முடிச்சில் இருக்கிறவரை தாடை ஒட்டியிருக்கும், தாடை ஒட்டியிருக்கிறவரை தலை தப்பிக்கும். உட்கார்ந்த நிலையில் சரியாக வந்த பிறகு நின்றுகொண்டு, அப்புறம் பக்கவாட்டில், அப்புறம் தோள்மேல் உருண்டு. தினம் இருபது போதும். இரண்டு வருடம் பார்ட்னரே கிடைக்காத ஒருவர் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால், மேட்டுக்குத் திரும்பும் நாளில் எல்லோரும் விரும்புகிற பார்ட்னராகத் திரும்புவார். விழத் தெரிந்தவரைத்தான் நம்பி முழுதாக எறிய முடியும்.

எங்கள் மேட்டை மறுபடி விரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முகக்கவசத்தோடு, ஆளுக்கு ஒரே பார்ட்னர் என்று வகுத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது என்னை விடப் பத்து கிலோ கூடிய ஒரு கல்லூரித் தம்பி. அவனும் பல மாதம் வீட்டு வாசலில் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தவன். "அண்ணே, மெதுவா" என்றான். சட்டைக் கையைப் பிடித்தேன். துணியின் முரட்டுத்தனமே கைக்குப் புதிதாக இருந்தது. வலது காலை வைத்தேன், சாக்பீஸ் கோடு மனதுக்குள் இருந்தது, இடது கால் சரியாக வந்து சேர்ந்தது. கை மணி பார்க்கும் உயரத்துக்குப் போனது. ரப்பர் இறுகும் இடத்துக்கு இழுப்பு வந்தபோது தோள் தானாக பலத்தைக் கூட்டத் தயாரானது. அங்கே கனம் இல்லை. அவன் விரல்நுனியில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.

நான் எறியவில்லை. அப்படியே நிறுத்தி, அவனைத் திரும்ப நிற்க வைத்துவிட்டு, இன்னொரு முறை இழுத்தேன்.